விட்டலாச்சார்யாவின் பேய்கள்

நல்ல ரசனை உடையவர் என்று நண்பர் வட்டாரத்தில் பெயரெடுத்த ஒருவர், விமர்சகர்களால் ஏகமனதாக நிராகரிக்கப்பட்ட ஒரு திரைப்படத்தைக் கண்டு களித்துவிட்டு வந்தாரானால், அந்தக் களிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்னால், யாரும் கேளாமலே சில சமாதானங்களைச் சொல்லிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குழந்தைகள் வற்புறுத்தினார்கள் என்பார். மனம் களைத்திருந்தது என்பார். வேறு படத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பார். படம் பிடித்திருந்தது என்னும் எளிய உண்மையை மட்டும் சொல்லமாட்டார். இரண்டரை மணி நேரம் இமை கொட்டாமல் பார்த்திருந்த கண்களுக்கும், மறுநாள் அபிப்பிராயம் சொல்லும் வாய்க்கும் இடையே இப்படி ஒரு பிளவு ஏற்படுவதை ரசனையின் முதிர்ச்சி என்று அநேகர் எண்ணுகிறார்கள். நான் அதை ரசனைக்கு நேர்ந்த ஒரு தீங்கு என்றே கருதுகிறேன். தான் அனுபவித்த சந்தோஷத்தைத் தானே நம்பாதவன், பிறர் புகழ்ந்த ஒன்றின் முன்னால் நிற்கும்போதும் தன் மனத்தை நம்பி நிற்க மாட்டான் அல்லவா?

இந்த விஷயத்தை நான் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்துவருவதற்குக் காரணமாயிருந்தவை பி. விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படங்கள். 1920ஆம் ஆண்டில் உடுப்பிக்கு அருகேயுள்ள உத்யாவரத்தில் பிறந்து, கன்னடப் பட உலகில் தொழிலைத் தொடங்கி, பின்பு சென்னைக்கு வந்து நிலைகொண்ட அவர், பெரும்பாலும் தெலுங்கிலேயே படமெடுத்தார் என்றாலும், அவற்றுள் பல தமிழ்க்குரல் ஏற்று நம்முடைய கொட்டகைகளுக்கும் வந்து சேர்ந்தன. 1959இல் ‘பெண்குலத்தின் பொன்விளக்கு’ என்று நேரே தமிழிலும் ஒரு படத்தை இயக்கினார். என். டி. ராமராவையும் காந்தாராவையும் வாள் ஏந்தச் செய்து அவர் எடுத்த ராஜா ராணிக் கதைகள் தெலுங்கு நாட்டில் வெகுவாக ஓடின. தமிழ்நாட்டிலோ 1978இல் வெளிவந்த ‘ஜகன்மோகினி’யே அவர் பெயரை மூலைமுடுக்குகளிலெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1999இல் அவர் காலமானார். அதற்குள் அவர் பெயர் ஒரு மனிதரின் பெயர் என்னும் நிலையைத் தாண்டி, ஒரு வகைப் படத்தின் பெயராகவே மாறிவிட்டிருந்தது. நம்பத்தகாத எதையேனும் ஒரு படத்தில் கண்டால், ‘விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கிறது’ என்று ஒரே வாக்கியத்தில் அதைத் தள்ளிவிடுகிற விமர்சனத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஒரு கலைஞனின் பெயரே நிந்தைச் சொல்லாகப் பயன்படுவது சாதாரணமாக நிகழக்கூடியதன்று. அத்தனை பேருடைய மனத்தில் அத்தனை ஆழமாகப் பதிந்தவனுக்கே அது நேரும்.

விமர்சகர்கள் இந்தப் படங்களை ஏன் மதிக்கவில்லை என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, பின்பு சென்னை, டில்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றபோது, விட்டோரியோ டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் இத்தாலியப் படத்தை நம் நாட்டவர் கண்டார்கள். தெருவிலிருந்து எடுத்த முகங்கள், அலங்காரமில்லாத வீதிகள், ஓர் ஏழையின் தொலைந்துபோன சைக்கிள் — இவ்வளவே கொண்டு ஒரு மகத்தான கலைப்படைப்பு உருவாகக்கூடும் என்ற செய்தி அன்று பலருடைய மனத்தை ஒரே அடியாக மாற்றிவிட்டது. மூன்று ஆண்டுகளில் ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. ஊருக்கு ஊர் பிலிம் சொசைட்டிகள் தோன்றின. திரைப்படம் என்பது வாழ்க்கையை உள்ளவாறு காட்டும் கலை என்னும் கொள்கை படித்தவர்களிடையே வேரூன்றியது. அந்தக் கொள்கையால் நாம் அடைந்த நன்மை அளவிறந்தது. அந்த இத்தாலியப் படத்தின் முடிவில் தகப்பனின் கையை மகன் பற்றிக்கொள்ளும் இடத்தில் கண்ணீர் விட்டவர்களுள் நானும் ஒருவன். ஆனால் அதே 1952 விழாவில், கே. வி. ரெட்டி இயக்கி விஜயா நிறுவனத்தார் எடுத்த ‘பாதாள பைரவி’ என்னும் மாயாஜாலப் படமும் திரையிடப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவு கூர்கிறோம்? ஒரே விழாவில் அருகருகே வந்து நின்ற இரண்டு மரபுகளுள் ஒன்றை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டு, மற்றொன்றை அதனால் அளக்கத் தொடங்கினோம். அளந்து பார்த்துக் குறைவு என்று தீர்ப்பும் எழுதினோம்.

நம்முடைய பழைய இலக்கண நூலார் இந்தப் பிழையைச் செய்யவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனத்தில் எழுந்து உடம்பில் புலப்படும் உணர்ச்சிகளை எட்டாக வகுத்துச் சொல்லும்போது, அழுகைக்கும் நகைக்கும் எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு இடத்தை மருட்கைக்கும் தருகிறது. ஒன்றை உயர்ந்தது என்றும் மற்றொன்றைச் சிறுபிள்ளைத்தனம் என்றும் அது பிரித்துப் பேசுவதில்லை. வடமொழி நாட்டிய சாஸ்திரமும் அற்புத ரசத்தை எட்டு ரசங்களில் ஒன்றாக வைத்ததோடு நில்லாமல், நாடகம் முடிவெய்தும் நிர்வஹண சந்தியில் அற்புதம் இடம்பெற வேண்டும் என்றும் விதிக்கிறது. துக்கத்திலும் கோபத்திலும் ஈடுபட்டு வந்த பார்வையாளன், இறுதியில் வியப்போடு எழுந்து செல்லவேண்டும் என்பது பரதருடைய எண்ணம். இவ்வளவு கௌரவமான பூர்விகமுடைய ஓர் உணர்ச்சியை நாடியே ஒரு படம் எடுக்கப்பட்டிருக்கும்போது, அதில் யதார்த்தம் இல்லை என்று குறைகூறுவது, ஒப்பாரியில் நகைச்சுவை போதவில்லை என்று குறைகூறுவதைப் போன்றது.

மருட்கை பிறப்பதற்குத் தொல்காப்பியர் சொல்லும் நிலைக்களன்கள் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இந்த நான்கையும் மனத்தில் இருத்திக்கொண்டு விட்டலாச்சார்யாவின் படங்களைப் பார்க்கிறவனுக்கு, அவற்றில் தற்செயலாகவும் தாறுமாறாகவும் தோன்றியவை யாவும் ஓர் ஒழுங்கில் வந்து நிற்பது தெரியும். பெருமைக்கும் புதுமைக்கும் நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை; பூதங்களையும் ஒருவரும் காணாத தீவுகளையும் எந்த மாயாஜாலப் படமும் காட்டிவிடும். சிறுமை சற்று அருமையானது. மந்திரவாதியின் கோபத்தால் விரலளவாகக் குறுகிப்போன மனிதன் ஒருவன், நேற்றுவரை தான் கையில் எடுத்துப் பருகிய கிண்ணத்தை இன்று ஒரு கிணற்றைப் போல எட்டிப் பார்க்க நேரும்போது, நம்முடைய வீட்டுப் பொருள்களே நமக்கு அந்நியமாகின்றன. பழகிய உலகத்தை மறுபடியும் முதன்முறையாகப் பார்க்கும் வாய்ப்பு ஒரு கணம் கிடைக்கிறது. ஆனால் விட்டலாச்சார்யாவின் உள்ளம் ஈடுபட்ட இடம் நான்காவதாகிய ஆக்கமே என்று சொல்லத் துணிவேன். ஒன்று வேறொன்றாகத் திரிந்து நிற்பதை ஆக்கம் என்று உரையாசிரியர் விளக்குவர். மனிதன் ஆடாவதும், கிளி பெண்ணாவதும், சிலை கண் திறப்பதும், எலும்புக்கூடு எழுந்து நடப்பதும் அவர் படங்களில் கதைக்கு இடையே வரும் வேடிக்கைகள் அல்ல. கதை அவற்றின் பொருட்டே நடக்கிறது.

இந்த மாற்றங்கள் நிகழ்ந்த முறையையும் ஒருவன் அறிந்துகொள்வது நல்லது. கணினி என்பதே ஸ்டூடியோவுக்குள் நுழையாத காலம் அது. நடிகர் ஓர் இடத்தில் அசையாமல் நிற்க, காமிராவை நிறுத்திவிட்டு, அவரை அகற்றி, அதே இடத்தில் ஆட்டை நிறுத்தி, மீண்டும் காமிராவை ஓட்டுவது எல்லாவற்றிலும் எளிய தந்திரம். பாரிஸ் நகரத்து மந்திரவித்தைக்காரராகிய ஜார்ஜ் மெலியே, 1896ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருக்கையில் காமிரா சிக்கி நின்று மீண்டும் ஓடியதாகவும், பின்பு திரையில் பார்த்தபோது ஒரு பயணிகள் வண்டி பிணவண்டியாக மாறிவிட்டதைக் கண்டதாகவும் தாமே எழுதியிருக்கிறார். சினிமாவின் மாயம் முழுவதும் அந்த ஒரு தடங்கலிலிருந்து கிளைத்தது என்றாலும் மிகையாகாது. இதைவிடக் கடினமானது, லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு முறையும், படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொரு முறையுமாக, ஒரே சுருளில் இருமுறை படம் பிடிப்பது. நடிகரின் கை ஒரு விரற்கடை கோட்டைத் தாண்டினாலும் கை அறுந்துபோகும். செய்த பிழை, சுருள் லாபரட்டரியில் கழுவப்பட்டுத் திரும்பும்வரை ஒருவருக்கும் தெரியாது. பணத்தையும் நாட்களையும் கணக்குப் பார்த்துச் செலவிட்டுப் படம் முடிப்பவர் என்று பெயர்பெற்ற ஒரு தயாரிப்பாளரின் கீழ் இந்த வேலையைச் செய்த ஒளிப்பதிவாளர்களின் பொறுமையை நினைத்துப் பார்க்க வேண்டும். அதிகச் சம்பளம் கேட்ட நடிகரை அவர் கதையில் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டுப் படத்தை முடித்துவிடுவார் என்று திரையுலகில் வழங்கும் கதை மெய்யோ பொய்யோ, உருமாற்றம் அந்த மனிதரின் சிந்தனையில் எவ்வளவு இயல்பாகக் குடியிருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

உருமாறும் அந்தக் கணத்தில் திரை சற்றே அதிரும். பின்னணியிலுள்ள ஒரு நிழல் இடம் மாறியிருக்கும். புகை எழுந்த வேகமும் அடங்கிய வேகமும் ஒன்றாயிரா. விமர்சகர் இதைக் குறை என்று எழுதினார். நானோ அந்தச் சிறு அதிர்வை ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த ஜனங்கள் அதைக் கவனிக்காத பேதைகள் அல்லர். இங்கேதான் மாற்றியிருக்கிறான் என்று பக்கத்திலிருப்பவரிடம் சுட்டிக்காட்டிக்கொண்டே, அதே மூச்சில் வியந்துபோகவும் அவர்களால் முடிந்தது. தெருக்கூத்தில் இரணியன் தூணைப் பிளக்கும்போது, நரசிம்மம் கட்டியிருப்பவர் யார், எந்த ஊர், எவருடைய மகன் என்பதெல்லாம் நன்கு தெரிந்திருந்தும் கைகூப்புகிற ஜனங்களின் பிள்ளைகள் அவர்கள். அறிவதற்கும் வியப்பதற்கும் இடையே அவர்களுக்குப் பகையில்லை. வித்தை முழுவதும் மறைந்திருந்தால்தான் வியப்புப் பிறக்கும் என்பது பிற்காலத்தில் நாம் தேடிக்கொண்ட ஒரு கொள்கை. இன்றைய கணினிப் படங்களில் வித்தை அறவே மறைந்துவிட்டதனால் வியப்பு பெருகியிருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தமிழ்நாட்டில் அநேகர் இன்றும் எடுத்துச் சொல்லும் ஒரு காட்சியை இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். மோகினிப் பேய் ஒன்று மனிதப் பெண்ணின் உருவத்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, அங்கே சமையலும் செய்கிறது. அடுப்பில் வைக்க விறகில்லை. பேய் தன்னுடைய காலையே நீட்டி அடுப்புக்குள் வைக்கிறது, கால் விறகாக எரிகிறது, உலை கொதிக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்; அறிவுக்குப் பொருந்தாத கற்பனைக்கு எடுத்துக்காட்டாகவே எப்போதும் அது சொல்லப்படும். ஆனால் அந்தக் காட்சியின்போது கொட்டகையில் பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த ஆரவாரத்தைக் கேட்டவன், அது வெறும் பயத்தினாலோ வேடிக்கையினாலோ பிறந்தது என்று எண்ணிவிட முடியாது. ஈர விறகோடும் புகையோடும் நாள்தோறும் போராடி, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து, வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ட தலைமுறையைச் சேர்ந்த பெண்கள் அவர்கள். தன் உடம்பையே எரித்து ஒரு குடும்பத்துக்குச் சோறாக்கும் மருமகளை அவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்களா? வாழ்க்கையில் மெல்ல மெல்ல, யாரும் அறியாமல் நடப்பதை, அந்தக் காட்சி ஒரே கணத்தில், மறைக்க முடியாத பிம்பமாகத் திரையில் நிறுத்தியது. அதிலும், அவ்வாறு எரிகிற காலுக்கு நோவில்லை; எரிந்தபின் அவள் எழுந்து நடக்கிறாள்; அந்த வீட்டார் அனைவரும் அவளுக்கு அஞ்ச வேண்டியவர்கள். இயக்குநர் இதையெல்லாம் எண்ணித்தான் செய்தாரா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவர் எண்ணியிருக்கவேண்டிய அவசியமில்லை. பாட்டிமார் சொன்ன பேய்க்கதைகளின் ஊற்றிலிருந்து நேரே நீரெடுத்தவருக்கு, அந்தக் கதைகளைப் படைத்த பெண்களின் மனத்தாபமும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. அடுப்பங்கரையைப் பற்றி யதார்த்த முறையில் எடுக்கப்பட்ட நல்ல படங்களைப் பின்னாளில் பார்த்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆயினும் எரியும் அந்தக் காலை அவற்றுள் எதுவும் என் மனத்திலிருந்து அகற்றவில்லை.

மோசமான படங்களை ரசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் வேறொரு கூட்டம் இப்போது பெருகியிருக்கிறது. அவர்களோடு என்னைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்பதனால் இதையும் சொல்லவேண்டும். அவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு படத்தின் குறைகளை எண்ணிச் சிரிப்பார்கள். படம் எவ்வளவு கேவலமோ அவ்வளவு ஆனந்தம் அவர்களுக்கு. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு வெளியான ஒரு புத்தகம், எட் வுட் என்னும் இயக்குநரின் ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற படத்தை உலகத்திலேயே மிக மோசமான படம் என்று அறிவித்தது. அதன்பின் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே கூட்டங்கள் கூடின. எட் வுட் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, வறுமையில் இறந்துபோயிருந்தார். அவருடைய நண்பரும், ஒரு காலத்தில் டிராகுலாவாக நடித்து உலகப் புகழ் பெற்றவருமான பேலா லுகோசி, 1956இல் காலமானபோது, அவரை வைத்து எடுத்திருந்த பேச்சில்லாத சில துண்டுக் காட்சிகளே எட் வுட்டின் கையில் எஞ்சியிருந்தன. அவற்றை எறிந்துவிட மனமில்லாமல் அவற்றைச் சுற்றி ஒரு கதையைக் கட்டி, மிச்சக் காட்சிகளில் வேறொருவரை அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கச் செய்து அந்தப் படத்தை முடித்தார். முகத்தை மறைத்து நடக்கும் அந்த மனிதனைக் கண்டு சிரிக்கிறார்கள். வயோதிகரான லுகோசி ஒரு வீட்டு வாசலிலிருந்து வெளியே வந்து, ஒரு பூவை முகர்ந்து பார்த்து நிற்கும் அந்தச் சில விநாடிகளை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். படம் நல்ல படம் என்று சாதிக்க மாட்டேன். கைக்கு எட்டாத ஒன்றை முழுமனத்தோடு எட்டிப் பிடிக்க முயன்றவனைப் பார்த்துச் சிரிப்பது ரசனை ஆகாது.

பிரெஞ்சு நாட்டு சர்ரியலிஸ்டுகளின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. முதல் உலக யுத்த காலத்தில் ஆந்திரே பிரெத்தோனும் அவர் நண்பர் ஜாக் வாஷேயும் நான்த் நகரத்தில், என்ன படம் என்றுகூடப் பாராமல் கொட்டகைக்குள் நுழைந்து, சலிப்புத் தட்டியவுடன் எழுந்து அடுத்த கொட்டகைக்குப் போவார்களாம். அவர்களுடைய வழிவந்த அடோ கீரூ 1953இல் எழுதிய நூலில், விமர்சகர்கள் இழிவென்று தள்ளிய படங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறார். அவற்றுள் சில மிக உன்னதமானவை என்பது அவர் கட்சி. அவர்கள் தேடியது கேலிக்குரிய பொருளை அல்ல, அற்புதத்தை. அது எங்கே கிடைத்தாலும் வணங்கி ஏற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவும் சொன்னதனால் விட்டலாச்சார்யாவின் படங்கள் யாவும் சமமாகச் சிறந்தவை என்று நான் சொல்வதாக ஆகாது. அவற்றுள் கணிசமான பகுதி சோர்வைத் தருவது. அரண்மனைச் சூழ்ச்சிகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கோமாளித் தோழர்களின் பேச்சு நீண்டுகொண்டே போகும். பிற்காலப் படங்களில் நடனக் காட்சிகள், வியப்பை நாடாமல் நடனமாதின் உடம்பை மட்டுமே நாடி நிற்கின்றன, அங்கே படம் தன் தர்மத்திலிருந்து தானே வழுவுகிறது. தமிழ்க்குரல் கொடுத்தவர்களின் அவசரத்தால் சில படங்களில் வசனமும் உதடும் கடைசிவரை சந்திப்பதே இல்லை. ஆனால் இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? ஒரு படத்தின் மாயம் இன்னொரு படத்தின் மாயத்தைக் காட்டிலும் எதனால் தாழ்ந்தது, எந்த உருமாற்றம் மனத்தில் நிற்கிறது, எது வெறும் புகையாகக் கலைந்துவிடுகிறது என்று பகுத்துச் சொல்லக்கூடிய விமர்சகர் ஒருவர் அமைந்திருந்தாரானால், இந்தப் படங்களே இன்னும் மேலானவையாக உருவாகியிருக்கலாம். மொத்தமாகப் புறக்கணிக்கப்பட்ட ஒரு கலை, தன்னுள் நல்லதையும் தீயதையும் பிரித்துக் காட்டுவாரின்றி, கிடைத்த கைதட்டலை மட்டுமே துணையாகக் கொண்டு வளரவேண்டியதாகிறது. விமர்சகர்கள் அந்தப் படங்களுக்கு இழைத்த அநியாயம் கடுமையாக எழுதியதில் இல்லை. கடுமையாக எழுதவேண்டிய அளவுக்குக்கூட அவற்றைப் பாராமல் இருந்ததில் இருக்கிறது.

இனியாவது அந்த வேலையை யாரேனும் எடுத்துச் செய்ய வேண்டும். கறுப்பு அட்டையை லென்சின் முன்னால் பிடித்து நின்ற ஒளிப்பதிவு உதவியாளர்களும், எலும்புக்கூடுகளைக் கம்பியில் கட்டி ஆட்டியவர்களும், மனிதனைச் சிறியவனாகக் காட்டுவதற்காகப் பெரிய கிண்ணத்தைச் செய்துகொடுத்த ஸ்டூடியோத் தச்சர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருடைய பெயர் படத்தின் எழுத்துப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் பிரதிகள் நிறம் வெளுத்தும் இடையிடையே துண்டிக்கப்பட்டும் இருக்கின்றன. 1951இல் கன்னடத்திலும், பின்பு 1978இல் தெலுங்கிலுமாக ‘ஜகன்மோகினி’ என்ற பெயர் இரண்டு முறை திரைக்கு வந்திருக்கிறது. அந்த இருபத்தேழு ஆண்டுகளில் மோகினி எப்படி மாறினாள், அவளைக் கண்டு அஞ்சுகிறவர்கள் எப்படி மாறினார்கள், கறுப்பு வெள்ளையில் செய்த வித்தைகளில் எவை வண்ணத்துக்குள் வர மறுத்தன என்றெல்லாம் ஒருவர் பொறுமையோடு ஆராய்ந்து எழுதினால், அந்தக் கட்டுரையை முதலில் வாங்கிப் படிக்கிறவன் நானாக இருப்பேன்.